சூசையப்பர் தெருவில் முதலிடம்

ஆகஸ்ட் 4, திங்கள்

நான் ஆஸ்திரேலியா போகவில்லை. இதை எங்காவது எழுதி வைக்க வேண்டும், எனவே இங்கே எழுதுகிறேன். நேற்றுப் பூசை முடிந்து வெளியே வருவதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "எப்ப கிளம்புறீங்க மேட்ரன்? மகன் கூப்பிட்டுக்கிட்டாராமே?" என் பாஸ்போர்ட் காலாவதியாகி ஆறு வருடமாகிறது. மெல்போர்னில் ஆல்பின் இருக்கிறான், சரி. அதற்காக நான் பெட்டி கட்ட வேண்டுமா? யார் கிளப்பிவிட்ட பேச்சு இது?

நான் செய்கிற வேலை வேறு. மாடி இரண்டு அறைக்கும் வெள்ளையடித்தாயிற்று. பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக வருகிறவர்கள் தங்குவதற்கு. முப்பத்தோரு வருடம் மேட்ரனாக இருந்து, நேரமானதும் மணி அடித்து அவர்களை வெளியே அனுப்பியவள் நான். எங்கே போய்ப் படுத்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எழுபத்தாறு வயதில் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஆஸ்பத்திரிப் பின்வாசல் எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நஜ்மாதான் இணையதளம் செய்து கொடுத்தாள். மூன்று வாரமாகிறது. ஒரு போன்கூட வரவில்லை. 'தஞ்சாவூர் ரூம்' என்று தேடிக் காட்டச் சொன்னேன். அதிர்ந்துவிட்டேன். பக்கம் பக்கமாகப் பெரிய கம்பெனிகள். பதினோராம் பக்கம் வரை போனோம். நான் இல்லவே இல்லை.

"தேர் ஓடுற அன்னிக்கு ராஜவீதியில சைக்கிள் விட்டா எப்படி மேட்ரன்மா? சந்துக்குள்ள போங்க" என்றாள். சந்து என்றால், குறைவான பேர் தேடும் சொல். ஆனால் தேடுகிறவர் நம்மைத்தான் தேடுவார். அதை நம் பக்கத்தில் போடுவதற்கு முன், அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே முதலில் நிற்கும் பத்துப் பேர் யார், எத்தனை நாளாக நிற்கிறார்கள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார்களா, வேறு எத்தனை தளங்கள் இணைப்புக் கொடுத்து அவர்களைக் கைகாட்டுகின்றன - இவ்வளவும் பார்க்க வேண்டுமாம்.

இதைச் சொல்ல ஏன் மூன்று வாரம்?

ஆகஸ்ட் 9, சனி

வார்டு சார்ட் போலக் கோடு போட்டு நோட்டில் எழுதினேன். பதினெட்டுச் சொற்கள். 'தஞ்சாவூர் லாட்ஜ்': பிழைக்காது. 'ஆஸ்பத்திரி அருகே தங்கும் இடம்': கவலைக்கிடம். 'சூசையப்பர் தெரு மாடி அறை': தேடும் ஆள் குறைவு, போட்டியும் குறைவு. பின்வாசல் ஆட்டோக்காரர்கள் தங்க இடம் கேட்கிற எல்லோருக்கும் எங்கள் தெருப் பெயரைத்தான் சொல்கிறார்கள். அதையே எடுத்துக்கொண்டேன். 'கஞ்சி வைத்துத் தரப்படும்' என்பதையும் சேர்க்கச் சொன்னேன்.

அந்தப் பத்துப் பேரை என் போனில்தான் பார்த்தேன்; வீடு விற்கிற விளம்பரங்களைத் திறக்காமலே தள்ளிவிட்டேன். அதனால் என்ன என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

முதலிடம்! என் போனில், என் கண்ணால் பார்த்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாதா சபைப் பெண்களிடம் பெருமையாகச் சொன்னேன். ஆளுக்கொரு தடவை தேடிப் பாருங்கள் என்றேன். தேடினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அருள்ஜோதி என் கையைப் பிடித்து, "மனசத் தேத்திக்கிங்க மேட்ரன்" என்றாள். எதற்கு? இரங்கல் வீட்டில் நிற்பது போல நின்றார்கள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இதை எழுதிவிட வேண்டும்.

நஜ்மா கடைக் கம்ப்யூட்டரில் தேடினோம். நான் ஏழாவது இடத்தில் இருக்கிறேன். "உங்க போன்ல நீங்க தினம் பத்துத் தடவ உங்க பக்கத்தையே தொறக்குறீங்க. அது உங்களுக்குப் பிடிச்சத முன்னாடி காட்டுது. ஊருக்கு அப்படிக் காட்டாது" என்றாள். அந்த அடியே போதும். பிறகு முதலிடத்தில் நிற்பது யார் என்று பார்த்தேன்.

என் வீடு.

என் நீல கேட். நான் தண்ணீர் ஊற்றும் குரோட்டன்ஸ். 'சூசையப்பர் தெரு, மாடி வீடு விற்பனைக்கு. வீடு காலியாக உள்ளது. உரிமையாளரான தாயார் மகனுடன் ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார்.' கீழே ஆல்பினின் நம்பர். போட்டுப் பதினோரு மாதமாகிறது.

பதினோரு மாதமாக நான் இந்த ஊரில் இல்லையா? அப்ப இங்க காப்பி போட்டுக் குடிக்கிறது யாரு?

அந்தப் படம் எடுத்தது நினைவிருக்கிறது. போன வருடம் மாதா திருவிழாவுக்கு வந்திருந்தான். நான் கேட்டருகே நின்றேன். "அம்மா, கொஞ்சம் நகருங்க, மறைக்குது" என்றான். நகர்ந்தேன். நானேதான் நகர்ந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆல்பினிடம் போனில் பேசினேன். "சும்மா என்ன விலை போகுதுன்னு பாக்கப் போட்டேம்மா. மறந்தே போச்சு" என்றான். "எடுத்துடு" என்றேன். "பாஸ்வேர்டு தேடணும். அடுத்த வாரம் பேசலாம். நீங்க எதுக்கு இந்த வயசுல இன்டர்நெட்ட நோண்டுறீங்க?"

நோண்டாமல் இருந்திருந்தால்? ஒருநாள் யாரோ சாவி கேட்டு வந்து நின்றிருப்பார்கள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அந்த விளம்பரத்தை முந்த முடியுமா என்று நஜ்மாவைக் கேட்டேன். நோட்டைத் திறந்து அவளே கணித்தாள். அது நிற்பது பழைய தளம், லட்சக்கணக்கான பக்கங்கள், எங்கெங்கிருந்தோ கைகாட்டல்கள். "ரொம்ப நாளாகும் மேட்ரன்மா. போட்டவங்களே எடுத்தாதான் சீக்கிரம்." போட்டியாளர் கட்டத்தில் என் மகன் பெயரை என் கையாலேயே எழுதினேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மத்தியானம் ஒருவர் கதவைத் தட்டினார். வேதாரண்யத்து உப்பளத்தில் வேலையாம், பெயர் அறிவுச்செல்வன். மனைவிக்கு நாளை ஆபரேஷன். "போன்ல தேடுனேன். மேல பாத்தா வீடு விலைக்கு, காலியாக் கெடக்குன்னு இருந்துச்சும்மா. கீழ பாத்தா கஞ்சி வெச்சுத் தருவோம்னு இருக்கு. காலி வீட்ல யாரு கஞ்சி வெப்பா? அதான் தட்டிப் பாத்துடுவோம்னு வந்தேன்."

சிரித்துவிட்டேன். அவர் அடுத்துச் சொன்னதில் சிரிப்பு நின்றது. "எங்க வார்டுலயே ரெண்டு பொம்பளைங்க இத பாத்துட்டு, ஆளில்லாத வீடுன்னு வராம இருந்துட்டாங்க."

நாளைக்கு அவர்களையும் அழைத்துவரச் சொன்னேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்று பதிவுத் தபாலில் அனுப்பியதன் நகல்:

அன்புள்ள ஆல்பின்,

வீடு என் பெயரில் இருக்கிறது. நான் அதில் குடியிருக்கிறேன். மாடியில் இரண்டு அறையிலும் ஆட்கள் இருக்கிறார்கள். உன் விளம்பரம் என் தளத்துக்கு மேலே நிற்கிறது. நோட்டுப் போட்டுப் பார்த்தாயிற்று, என்னால் அதை முந்த முடியாது. நீதான் இறங்க வேண்டும். அதை எந்தத் தேதியில் நீக்குவாய்? நீக்க மனமில்லை என்றால், ஏன்? போனில் சொல்ல வேண்டாம். இந்த இரண்டு கேள்விக்கும் உன் கைப்பட எழுதிப் பதில் அனுப்பு.

அம்மா,
ஃபிளோரா சிங்கராயர்