பாட்டில்ல இருக்கிறது மயோனீஸ் இல்ல

அத்தா,

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ஃபிரிட்ஜைத் திறக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க. மயோனீஸ் பாட்டில்ல இருக்கிறது மயோனீஸ் இல்ல. கெட்டித் தயிர்ல கடுகு பேஸ்டும் எலுமிச்சையும் கலந்து ரெண்டு வாரமா நான்தான் ஊத்தி வைக்கிறேன். "இது நல்லா இருக்கு லா, இதையே வாங்கு"ன்னு நீங்க சொன்னது இதைத்தான்.

நேத்து, தேக்கா மார்க்கெட் கடையில வாங்கின முட்டை ரொட்டி, அந்த ரொட்டி ஜான்ல மயோனீஸ் வழியுது, வேணாம்னு சொன்னதுக்கு, "நான் என்ன நோயாளியா?"ன்னு கத்தினீங்க. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி உங்க யூனிஃபார்மைத் துவைக்கப் போட்டப்பவே பாலிகிளினிக் லெட்டரைப் பாத்துட்டேன், அத்தா. ஹார்ட் டெஸ்டுக்கு ரெண்டு தடவை போகாமலே விட்டிருக்கீங்க. அம்மாகிட்ட சொல்லல. மணி ரெண்டாகுது, தூக்கம் வரல. பயமா இருக்கு.

ரொட்டியும் அவிச்ச முட்டையும் மேஜைமேல மூடி வச்சிருக்கேன். தயிரை எவ்வளவு வேணும்னாலும் போட்டுக்குங்க.

நஸீஹா

பாலிகிளினிக் லெட்டர் அந்தப் பாட்டிலுக்கு அடியில இருக்கு. டெஸ்டுக்கு அடுத்த தேதி வியாழக்கிழமை. எனக்கு ஸ்கூல் லீவுதான், நானும் வர்றேன்.

டெஸ்ட் முடிஞ்சதும் தேக்கா போவோம். நிஜ மயோனீஸ் போட்ட ரொட்டி ஜான் ஒண்ணு. ஆளுக்குப் பாதி.