பெட்ரோல் மூடியில் சந்தனம்

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டால் நீங்கள் தலையை நிமிர்த்தாமலே "ம்" என்பீர்கள். இப்போது அந்த "ம்" கூடக் கிடையாது. இருந்தாலும் பிரியமாகத்தான் கூப்பிடுகிறேன். கையில் கிரீஸ் இல்லாமல் ஒருநாளும் சோற்றில் கை வைக்காத என் வீட்டுக்காரரே, உங்களுக்கு ஒரு சேதி. வண்டி ஓடுகிறது.

ஆமாம், அதே வண்டிதான். வேதாரண்யத்தில் யாரோ ஒரு உப்பளத்துக்காரர் கழித்துப் போட்ட பைக்கை, புதுப்பெண்ணை அழைத்து வருவதுபோல் மாலை போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தீர்களே, அது. உப்புக் காற்றில் கிடந்த வண்டியில் துருப்பிடிக்காத இடம் ஹாரன் பட்டன் ஒன்றுதான். அதுவும் அடிக்காது. "பழசா இருந்தா என்ன, நான் கையால சரிபண்ணிக்குவேன்" என்றீர்கள். உங்களுக்குக் கை இருந்தது, கைராசி இல்லை. செத்தவரை இப்படிச் சொல்லலாமா என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். உயிரோடு இருந்தபோதும் இதைத்தானே சொன்னேன்.

வண்டியின் நோய் உங்களுக்கு நினைவிருக்கும். காலையில் ஜம்மென்று கிளம்பும். வாய்க்கால் பாலம் வரைக்கும் போகும். அங்கே மூச்சு முட்டினதுபோல் இருமிவிட்டு நின்றுவிடும். நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டு வருவீர்கள். கார்புரேட்டரைக் கழற்றி ஊதுவீர்கள், பிளக்கைத் தேய்ப்பீர்கள், டேங்கைத் திறந்து பெட்ரோல் ஊற்றுவீர்கள். உதைத்தால் ஒரே உதையில் பிடித்துக்கொள்ளும். "பாத்தியா?" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். மறுநாள் மறுபடியும் பாலத்திலிருந்து தள்ளிக்கொண்டு வருவீர்கள். ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். நீங்கள் முதலில் பெட்ரோல் பங்கைத் திட்டினீர்கள். பிறகு பிளக் செய்தவனைத் திட்டினீர்கள். கடைசியில் எஞ்சினையே பிரிப்பது என்று முடிவு செய்தீர்கள்.

"மெக்கானிக்கிட்ட விட்டுத் தொலைங்களேன்" என்று நான் கத்தினது தெரு முழுக்கக் கேட்டது. அதுதான் பிற்பாடு எனக்கு வினையாக வந்தது.

நீங்கள் போன அன்று சம்பா அறுவடை முடிகிற சமயம். வானம் கருத்துக்கொண்டு வந்ததால் தெருவில் இருந்த டிராக்டர், பைக், டயர் வண்டி எல்லாமே கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு போயிருந்தன. நீங்கள் மட்டும் ஹாலில் செய்தித்தாள் விரித்து, பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். "வசந்தி, நெஞ்சை என்னமோ பண்ணுது" என்றீர்கள். சட்டை முழுக்க வியர்வை. நம் வீட்டில் இருந்த ஒரே வண்டி உங்களைச் சுற்றித் துண்டுதுண்டாகக் கிடந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் அறுவடை மெஷின் ஏற்றிய லாரி பாலத்தில் மாட்டிக்கொண்டு நின்றதால் அதற்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கயிற்றுக் கட்டிலில் வைத்து உங்களைத் தூக்கிக்கொண்டு போனோம். பாலம் தாண்டியபோதே கை சில்லிட்டுவிட்டது. "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாம்" என்றார் டாக்டர். எல்லாரிடமும் சொல்வதைத்தான் என்னிடமும் சொன்னார் போலிருக்கிறது. உண்மையிலேயே முன்னாடி கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பீர்களா?

கருமாதி அன்று, பெண்கள் கூட்டத்தின் நடுவில் உங்கள் அம்மா அதற்கு விடை சொன்னார்கள். "எம்புள்ள நெஞ்சு வலியில சாகல. இவ நாக்குல செத்தான். வண்டியத் தொட்டா திட்டு, நட்டு போல்ட்டத் தொட்டா திட்டு. பொழுதன்னிக்கும் கரிச்சுக் கொட்டியே கொன்னுப்புட்டா."

ஒருத்திகூட வாயைத் திறந்து "அப்படிச் சொல்லாதீங்க" என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் அத்தை கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்க்காமல் படி இறங்குவார்கள். பிள்ளையும் இல்லை. ஒரு கூரையின் கீழ் நானும், நான் கொலைகாரி என்று நம்புகிற உங்கள் அம்மாவும்.

நான் கீழ்வேளூரில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பஸ் நினைத்தால் வரும், நினைத்தால் வராது. உங்கள் தம்பி வந்து, "அண்ணி, அந்தச் சாமானையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்றார். நான் சாக்கில் அள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். அவர் சாக்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "யக்கா, வண்டியக் கொண்டாங்க, பாக்குறேன். மூட்டையக் கொண்டாந்தா நான் என்ன பண்றது? பிரிச்சவர்தான் மாட்டணும்" என்றார். பிரித்தவர் எங்கே இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. சாக்கை மறுபடி தூக்கிக்கொண்டு வந்தேன்.

பிறகு நானே உட்கார்ந்தேன். போனில் வீடியோ பார்த்து, நீங்கள் உட்கார்ந்த அதே இடத்தில். என் அஞ்சறைப்பெட்டியைக் காணோம் என்று எத்தனை நாள் தேடியிருப்பேன்? கடுகு இருந்த கிண்ணத்தில் வாஷரும், வெந்தயம் இருந்த கிண்ணத்தில் போல்ட்டும் போட்டுப் பரணில் ஏற்றி வைத்திருந்தீர்கள். எது எதற்கு என்று ஒரு வார்த்தை உண்டா? ரிங்கைத் தலைகீழாக மாட்டினேன், வீடு முழுக்கப் புகை. திரும்பப் பிரித்தேன். டைமிங் செயினை ஒரு பல் தள்ளி மாட்டினேன், கிக்கர் அசையவே இல்லை. திரும்பப் பிரித்தேன். கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கியது. தலை வழுக்கிப்போன ஒரு ஸ்க்ரூவை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். உங்களுக்காக அழுததைவிட அந்த ஸ்க்ரூவுக்காக அழுததுதான் அதிகம்.

இதற்கு நடுவில் உங்கள் அம்மா தன் வேலையை விடவில்லை. நீங்கள் வண்டி வாங்கின நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் பெட்ரோல் மூடியின் மேல் சந்தனம் வைப்பார்களே. தாலி அறுத்த கையால் குங்குமம் வைக்கக் கூடாது என்று சந்தனம் மட்டும், ஆனால் குங்குமத்துக்கும் சேர்த்துக் கெட்டியாக அப்புவார்கள். நீங்கள் போன பிறகும், டேங்க் மட்டும் தனியாக பெஞ்சின் மேல் கிடந்தபோதும் வைத்தார்கள். நான் துடைக்கப் போனால், "எம்புள்ள வண்டி. கைய வெக்காத" என்பார்கள்.

ஒருவழியாக வண்டி உயிர் பெற்றது. தாவணி காலத்தில் என் அண்ணன் வண்டியை ஓட்டிப் பழகின தைரியத்தில் ஏறி உட்கார்ந்தேன். தெருவே வாசலில் நின்று பார்த்தது. வாய்க்கால் பாலம் வந்தது. வண்டி இருமியது. நின்றது.

பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. உதைத்தேன், ஒரே உதையில் கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. மறுபடி திறந்தேன், மறுபடி உஸ், மறுபடி கிளம்பியது. மூடியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். காற்றுப் போக அதில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அது வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் இறங்காது. அந்த ஓட்டைக்குள் மஞ்சளாக ஏதோ கெட்டித்துப் போயிருந்தது. புடவையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துக் குத்தினேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன்.

அன்றெல்லாம் வண்டி ஓடியது நீங்கள் கார்புரேட்டரை ஊதினதால் இல்லை. பெட்ரோல் ஊற்ற மூடியைத் திறந்ததால் ஓடியது. எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. அதைப் பிரித்திருக்கவே வேண்டாம்.

அந்த இடத்திலேயே எனக்குச் சந்தோஷம் வந்தது. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். மூடியைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். "ஓடிடுச்சாமே? எதிர்வீட்டு அஞ்சல சொன்னா. எல்லாம் நான் வெச்ச சந்தனம்" என்றார்கள்.

"ஆமாங்க அத்தை, நீங்க வெச்ச சந்தனந்தான்" என்று மூடியை அவர்கள் மடியில் போட்டேன். ஓட்டையைக் காட்டினேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, புரிந்துவிட்டதா என்று நடுநடுவே கேட்டுக் கேட்டுச் சொன்னேன். வண்டி ஏன் நின்றது, நீங்கள் ஏன் பிரித்தீர்கள், அன்றைக்கு வீட்டில் வண்டி ஏன் இல்லை என்பது வரைக்கும்.

கீரை மடியிலேயே கிடந்தது. மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவனுக்குத் தெரியுமா?" என்றார்கள்.

"தெரியாதுங்க அத்தை."

அவர்கள் அழவில்லை. நான் எதிர்பார்த்தது அழுகையை.

மறுநாள் காலையில் அவர்களைக் காணோம். தெருக்கோடி வீட்டிலிருந்து ஆரம்பித்து வீடு வீடாகப் போயிருக்கிறார்கள். எந்தெந்த வாசலில் என்னைப் பற்றிச் சொன்னார்களோ அந்தந்த வாசலில் நின்று, "எம்புள்ளயக் கொன்னது நாந்தான். வசந்தி இல்ல. நான் வெச்ச சந்தனம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அஞ்சலை அக்காதான் அவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தாள்.

"ஏன்டி வசந்தி, புருசன முழுங்கினது பத்தாதா? கெழவியையும் பைத்தியமாக்கிப்புட்டியே. சந்தனம் வெச்சா புள்ள சாவானாடி? என்னத்தடி சொல்லிக் குடுத்த?"

"யக்கா, அவங்க சொல்றது நெசந்தான். மூடியக் காட்டுறேன் பாருங்க" என்றேன்.

"நீ ஒண்ணும் காட்ட வேணாம்" என்று அவள் போய்விட்டாள்.

இப்போது தெருவில் என் மேல் குற்றம் இரண்டு. அதுகூடப் பரவாயில்லை, பழகிவிட்டது. அத்தையின் பாடுதான் சகிக்கவில்லை. அவர்கள் வாயைத் திறந்தால் எல்லாரும் "ஆமாம் ஆயா, ஆமாம்" என்று தலையாட்டிவிட்டுத் தங்களுக்குள் கண் காட்டிக்கொள்கிறார்கள். என்னைப் பற்றிப் பொய் சொன்னபோது ஊரே நம்பியது. தன்னைப் பற்றி மெய் சொல்லும்போது கேட்க நாதியில்லை. சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது நம்புறியா?" என்று கேட்கிறார்கள். "நம்புறேன் அத்தை" என்கிறேன். அதைக் கேட்ட பிறகுதான் சாப்பிடுகிறார்கள்.

வருஷத் திவசம் முடிந்ததும் வந்து அழைத்துப் போகிறேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார். நானும் துணிமணியெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். இப்போது வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன், நான் போக மாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள், மன்னிக்கவில்லை. பாசமும் இல்லை. நான் போய்விட்டால், உங்களைக் கொன்றது தான்தான் என்று உங்கள் அம்மா சொல்வதை நம்ப இந்த ஊரில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
இனிமேல் சாகும்வரை உங்கள் அம்மாவின் மருமகள்,
வசந்தி