தூளுக்கு ஒரு கதவு

டாக்குரியா,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள சௌந்தர்,

நீங்கள் நலமாக இருப்பதாக உங்கள் அக்கா சொன்னார்கள். ஒரே ஊரில் இருக்கும் கணவனின் நலத்தை மனைவி நாத்தனாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். சால்ட் லேக்குக்கு இங்கிருந்து பஸ் ஓடுகிறது என்பதே சில நாள் மறந்துபோகிறது.

போனில் நாம் இருவரும் ஒரே சமயத்தில் பேசிவிடுகிறோம். காகிதத்தில் அது முடியாது. மேலும் இதில் ஒரு படம் வரைய வேண்டியிருந்தது. அதனால்தான் தபால்.

ஜனவரியில் உங்களுக்கு மூச்சு முட்டி நர்ஸிங் ஹோமில் கிடந்தபோது டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. மரத்தூள் பறக்கிற வீட்டில் நீங்கள் இருக்கக் கூடாது. நீங்கள் தனி அறை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். நான் பட்டறையை மூடவில்லை, மூடப் போவதுமில்லை. பவானிபூர் பள்ளிக்கூடம் இந்த வருடமும் குழந்தைகளுக்குப் புதிர்ப் பலகைகள் கேட்டிருக்கிறது. ஆனால் தூளை அடக்க முடியுமா என்று பார்க்கிறேன். கார் நிற்க வேண்டிய இடத்தில் பட்டறை இருப்பதால், கீழே பறப்பதெல்லாம் படி ஏறி நேராகப் படுக்கையறைக்குத்தான் வருகிறது.

டஸ்ட் கலெக்டர் ஒன்று வாங்கிவிட்டேன். மோட்டார் இழுக்கும், பை வாங்கிக்கொள்ளும். அதிலிருந்து ஒரு பெரிய குழாய் சுவரோரமாகப் போகும். வாள் மெஷின், வளைவு அறுக்கிற பேண்ட் சா, மரத்தைத் தேய்க்கிற சாண்டர், டிரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளை. கிளைகளைத் திறந்து மூட ஆளுக்கொரு கதவு வேண்டும், பிளாஸ்ட் கேட் என்கிறார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பிளாஸ்டிக்கில் இருக்கிறது, அலுமினியத்தில் இருக்கிறது. தகடு பக்கவாட்டில் நகர்கிறது ஒரு வகை, குழாய்க்குள்ளேயே வட்டத் தகடு திரும்புகிறது இன்னொரு வகை. சாந்தினி மார்க்கெட்டில் கடைக்காரர், "தீதி, ஏ.சி. வேலையா?" என்றார்.

"இல்லை, மரவேலை."

"அப்போ மிஸ்திரியை அனுப்புங்க. அவருக்குத் தெரியும்."

"நான்தான் மிஸ்திரி."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

காலமெல்லாம் ஏ.சி. குழாயில் காற்றை ஓட்டியவர் நீங்கள். எதை வாங்கட்டும்? பட்டறையின் படம் பின்பக்கம்.

பருப்புப்பொடி தனிப் பார்சலில் வருகிறது.

பூர்ணிமா

*

சால்ட் லேக்,
13 ஏப்ரல் 2025

அன்புள்ள பூர்ணிமா,

கடிதமும் பொடியும் வந்தன. படத்தில் ஜன்னலை வரைந்திருக்கிறாய், வாசலை மறந்துவிட்டாய். நான் வரைந்துகொண்டேன்.

பக்கவாட்டில் நகர்கிற தகடெல்லாம் பழைய காலத்து ஏற்பாடு. குழாய்க்குள் திரும்புகிற டாம்பரை வாங்கு. எங்கள் கட்டடங்களில் எல்லாம் அதுதான். நான்கையும் பாதி திறந்து வை. ஒரு கிளைக்கு அதிகம், இன்னொன்றுக்குக் குறைவு என்று இருக்கக் கூடாது. பேலன்ஸ் செய்வது என்போம். ஒருமுறை சரிசெய்துவிட்டால் அப்புறம் கைப்பிடியைத் தொடவே வேண்டாம். எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று சிவப்பு மையில் குறித்திருக்கிறேன். அதிலிருந்து விலகாதே.

மூச்சு பரவாயில்லை. மெஸ்ஸில் சாம்பாரில் சர்க்கரை போடுகிறார்கள். சொல்லிப் பார்த்தேன். "தாதா, கொஞ்சம் இனிப்பு இல்லேன்னா அது என்ன சாம்பார்?" என்று சாம்பார் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறார் வங்காளிச் சமையல்காரர்.

முகமூடி போடுகிறாயா? உன் நெஞ்சும் நெஞ்சுதான்.

சௌந்தரராஜன்

*

டாக்குரியா,
25 மே 2025

அன்புள்ள சௌந்தர்,

மாட்டியாயிற்று. சிவப்பு மை சொன்ன கோணத்திலேயே நான்கும் நிற்கின்றன. மோட்டாரைப் போட்டதும் குழாய் முழுக்க ஒரு நீளமான மூச்சு ஓடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசியால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு மாஷிமா மதில் வழியாக எட்டிப் பார்த்து, எப்போதும் போல மருமகள் முறை வைத்துக் கூப்பிட்டார்கள். "பௌமா, உன் வீட்டுக்காரர் எங்கே? ஆளையே காணோம்."

"ஆபீஸ் வேலை, மாஷிமா."

"எந்த ஆபீஸ்ல தூங்கறதுக்கும் அங்கேயே வரச் சொல்றாங்க?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். தூசி ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் போயிருக்கிறார் என்று. "தூசிக்காகப் போனவர்னா தூசி போனதும் வரணும். வரலேன்னா அப்போ பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலையில் கை ஓடவில்லை.

நீங்கள் ஒரு வரியாவது கூடுதலாக எழுதலாம். கோணங்களைப் பற்றி இல்லாமல்.

பூர்ணிமா

*

சால்ட் லேக்,
8 ஜூன் 2025

அன்புள்ள பூர்ணி,

கூடுதல் வரி: ஜூன் கடைசி ஞாயிறு வருகிறேன். கையில் ஒரு பை. ஒரு வாரம் நம் வீட்டில் தூங்கிப் பார்க்கிறேன். நெஞ்சு சும்மா இருந்தால் இந்த அறையைக் காலி செய்வதைப் பற்றி யோசிக்கலாம்.

ஆபீஸில் கிருஷ்ணசாமியிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். "சார், வீட்டுக்கா இவ்வளவு பெரிய லைன்?" என்றான். "டிசைன் என்னுது. மாட்டினது என் மனைவி" என்றேன். இப்படி ஒரு வாக்கியம் சொல்லி எத்தனை காலமாயிற்று.

சௌந்தர்

*

டாக்குரியா,
19 ஜூன் 2025

அன்புள்ள சௌந்தர்,

வர வேண்டாம். இந்த இரண்டு வார்த்தையை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். தேநீர் போட்டுக் குடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

சில நாட்களாக இழுவை குறைந்துகொண்டே வந்தது. நேற்று பெரிய குழாயைக் கழற்றினேன். உள்ளே பாதி உயரத்துக்கு மரத்தூள், மழை ஈரத்தில் புட்டு மாதிரி இறுகிக் கிடந்தது. டாம்பரின் வட்டத் தகடு திறந்திருந்தாலும் குழாயின் நடுவில்தானே நிற்கிறது? குளியலறைச் சாக்கடையில் தலைமுடி சுற்றிக்கொள்கிற மாதிரி அதைச் சுற்றி மரச் சீவல்.

உங்கள் ஏ.சி. குழாயில் ஓடுவது வெறும் காற்று. அதை நான்கு அறைக்குப் பங்கு போடலாம். என் குழாயில் காற்று தூளைச் சுமக்கிறது. பங்கு போட்டால் எந்தக் கிளையிலும் வேகம் இல்லை. சுமையை வழியிலேயே போட்டுவிடுகிறது. வேலை நடக்கிற மெஷினின் கதவு மட்டும் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். மற்றவை இறுக்கி மூடியிருக்க வேண்டும். திறந்த கதவின் தகடு காற்றின் வழியைவிட்டு முழுக்க வெளியே போக வேண்டும். அதாவது, நீங்கள் பழைய காலத்து ஏற்பாடு என்றீர்களே, அது.

கதவுகளைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, "உங்கள் டிசைன் பிரமாதம்" என்று எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு அது பழக்கம். நீங்கள் அளவெடுத்து வாங்கிய அலமாரி மாடிப்படியில் ஏறாதபோது, கட்டினவன் படியைக் குறுக்கிவிட்டான் என்று சொன்னவள் நான். நீங்கள் தவறினால் முகம் வாடும். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது. ஆனால் இந்தத் தடவை என் பொய்யைச் சுவாசிக்கப் போவது நீங்கள்.

எழுத உட்கார்ந்துவிட்டேன், இதையும் எழுதிவிடுகிறேன். நர்ஸிங் ஹோமில், "அந்தப் பட்டறையா, நானா?" என்று கேட்டீர்கள். நான் பேசாமல் இருந்தேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு பெட்டி கட்டினீர்கள். அது பதில் இல்லை, சௌந்தர். இரண்டும் வேண்டும் என்பவளிடம் எது வேண்டும் என்று கேட்டால் வாய் அடைத்துத்தான் போகும். இன்று கேட்டாலும் அப்படித்தான்.

பூர்ணிமா

*

டாக்குரியா,
27 ஜூலை 2025

அன்புள்ள சௌந்தர்,

கடிதம் கிடைத்ததா என்று கேட்க மாட்டேன். கிடைத்திருக்கும்.

ப்ளைவுட்டில் நானே நான்கு கதவு செய்தேன். பார்க்க அழகாக இருந்தன. மழை ஓங்கியதும் ஊதிப்போய், சுத்தியலால் தட்டினால்தான் நகர்கின்றன என்றாகிவிட்டது. மரத்தோடு பழகுகிறவள் இந்த ஊர் மழையை மறந்தேன் பாருங்கள். பிறகு அலுமினியத்தில் வாங்கினேன். அதிலும் ஒரு தொல்லை. தகடு போய் உட்காருகிற பள்ளத்தின் கோடியில் தூள் சேர்ந்து, கதவு முழுதாக மூட மறுத்தது. மூடாத இடுக்கில் காற்று வீணாகிறது. அந்தக் கோடியை அரத்தால் ராவித் திறந்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு முறை மூடும்போதும் தகடே தூளை வெளியே தள்ளிவிடுகிறது.

நன்றாக வேலை செய்கிறது. இனி உங்களிடம் கேட்க என்னிடம் எந்தக் கேள்வியும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பூர்ணிமா

*

சால்ட் லேக்,
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பூர்ணி,

கோபம்தான். இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். படித்த தொழிலில் என் மனைவி என்னைத் திருத்துகிறாள் என்று கோபம். நீ சொல்வது தவறு என்று யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காகவே கிருஷ்ணசாமியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேடம் சொல்றதுதான் சார் சரி. நாம ஓட்டறது சுத்தமான காத்து. அது எதையும் தூக்கிட்டுப் போறதில்லையே" என்றான். அவனோடு ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் அவனே டீ வாங்கிக் கொடுத்தான்.

கோபம் போனதும் வந்தது பயம். நீ எழுதாமல் விட்டிருந்தால் நான் பையோடு வந்து அந்தப் படுக்கையில் படுத்திருப்பேன். என் முகம் வாடினால் வாடட்டும், பூர்ணி. அலமாரி விஷயம் எனக்கு இப்போதுதான் தெரியும். இன்னும் என்னென்ன இருக்கின்றன? மொத்தமாக எழுதாதே. தவணையில் சொல்.

உனக்குக் கேள்வி இல்லையென்றால் எனக்கு இருக்கிறது. கதவுகளைப் பெரிய குழாயை ஒட்டி மேலே வைத்திருக்கிறாயா, மெஷின் பக்கத்திலா? நிற்கிற இடத்திலிருந்து கை எட்டுகிறதா? எட்டாவிட்டால் அவசரத்தில் மூட மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. காற்றில் நுண்தூசி எவ்வளவு என்று காட்டுகிற மீட்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். நீ கீழே வேலை செய்துகொண்டிருக்கும்போது மாடியில் வைத்துப் பார்க்க வேண்டும். வரலாமா?

சௌந்தர்

*

டாக்குரியா,
14 செப்டம்பர் 2025

அன்புள்ள சௌந்தர்,

கை எட்டுகிறது. போன ஞாயிறு நீங்கள் வந்திருந்தபோதே சொல்லியிருக்கலாம். ஆனால் எதுவும் சொல்லவில்லையே நாம்.

கீழே எல்லா மெஷினையும் ஒவ்வொன்றாக ஓட்டினேன். சாண்டரை வேண்டுமென்றே நெடுநேரம் ஓட்டினேன், அதுதானே மோசம். மேலே வந்தால் நீங்கள் ஜன்னலோரம் மீட்டரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். "ரோட்டைவிடக் குறைவா இருக்கு" என்றீர்கள். "அப்படியா" என்றேன். டீ குடித்தீர்கள். நான் மீட்டரைப் பார்த்தேன், நீங்களும் மீட்டரைப் பார்த்தீர்கள். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள். மழை வரவில்லை.

இந்த ஒரு வாரமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். தூசி இருந்தவரை நம் இருவருக்கும் சௌகரியமாக இருந்தது. நீங்கள் வராததற்கு அது காரணம். நான் கூப்பிடாததற்கும் அதுவே காரணம். இப்போது அது இல்லை. மாஷிமா சொன்ன அந்தப் பேச்சைப் பேசவேண்டிய நாள் வந்துவிட்டது.

அதனால் கருவி எதுவும் நடுவில் இல்லாமல் எழுதுகிறேன். நீங்கள் இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பட்டறையும் இருக்கும். வேலை முடிந்து வரும்போது என் தலையிலும் புடவையிலும் தூள் இருக்கும். குளித்துவிட்டுத்தான் உங்கள் பக்கத்தில் வருவேன். உங்கள் மூச்சுக்கு என்னால் உத்தரவாதம் எழுதித் தர முடியாது. முடிந்ததையெல்லாம் செய்வேன் என்று மட்டும் சொல்ல முடியும். அந்த அறையில்தான் நிம்மதி என்றால் அதையும் எழுதுங்கள், தாங்கிக்கொள்வேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அது என்ன செய்யும் என்று நம் இருவருக்கும் தெரியும்.

உங்கள் பூர்ணி

*

டாக்குரியா,
12 அக்டோபர் 2025

அன்புள்ள பூர்ணி,

பதில் போடாமல் நேற்று இரண்டு பெட்டியோடு வாசலில் வந்து நின்றது தப்புதான். எழுதாமல் இல்லை. எழுதியதெல்லாம் டெண்டர் மாதிரியே வந்தது, கிழித்துப் போட்டேன். பூஜை விடுமுறை முழுக்க அந்த அறையில் உட்கார்ந்து அதைத்தான் செய்தேன். கடைசியில் பெட்டி கட்டுவது சுலபமாக இருந்தது.

நேரில் சொல்லலாம் என்று பார்த்தால் நேற்றும் வாய் வரவில்லை. நீ கதவைத் திறந்து, "பெட்டியை அங்கே வைக்காதீங்க, தடுக்கும்" என்றாய். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. உனக்குப் போதாது என்று தெரியும். அதனால் மாடியில் உட்கார்ந்து, கீழே இருக்கிற உனக்கு எழுதுகிறேன்.

ஜனவரியில் நான் கேட்டது பயத்தில் கேட்டது. பதில் தேவைப்பட்ட கேள்வியே இல்லை அது. திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இரவு நன்றாகத் தூங்கினேன். மருந்து பக்கத்தில் இருந்தது, தேவைப்படவில்லை. என்றைக்காவது தேவைப்படும். அன்றைக்கு நீ மோட்டாரை நிறுத்திவிட்டு மேலே வா. பட்டறையை மூடிவிடுகிறேன் என்று மட்டும் சொல்லாதே.

இதோ கேட்கிறது. ஒரு தகடு மூடுகிற சத்தம், இன்னொன்று திறக்கிற சத்தம். மோட்டாரின் குரல் கொஞ்சம் மாறுகிறது. பேண்ட் சாவை விட்டு சாண்டருக்குப் போகிறாய் என்று நினைக்கிறேன். உன் பட்டறைக்குள் நான் சரியாக நுழைந்ததே இல்லை, யோசித்தாயா? எப்போதும் வாசலில் நின்று எதையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன்.

மெஷின் ஓடாத ஒரு நாளில் என்னை உள்ளே கூட்டிப்போய், அந்தக் கதவுகளை ஒவ்வொன்றாகக் காட்டு. எதையும் திருத்தமாட்டேன்.

இதைப் படியின் கடைசியில், உன் கண்ணில் படுகிற மாதிரி வைக்கிறேன். சாதம் வடித்துவிட்டேன். வேலையை முடித்துவிட்டே வா, அவசரமில்லை.

மாடியிலிருந்து,
சௌந்தர்