பாட்டு முடிந்தால் கெட்டிமேளம்

ஏங்க, நேற்று உங்கள் பாட்டைக் கேட்டேன். லுணுகலையிலிருந்து பிபிலைக்கு இறங்கும் வழியில், மகளின் கார் ரேடியோவில். முதலில் கிட்டார் மட்டும் தனியாக வருமே, அது வந்ததுமே என் கை நெற்றிக்குப் போய்ப் பொட்டு இருந்த இடத்தை மறைத்துக்கொண்டது. "என்னம்மா, தலை வலிக்குதா?" என்றாள். இல்லை என்றேன்.

தேயிலைத் தோட்டத்துச் சின்னத் தொரைக்கு ஜீப் ஓட்டியபோது உங்களுக்குப் பிடித்த பைத்தியம் அது. பண்டாரவளை முதலாளியின் மரக்கறி வேனுக்கு மாறிய பிறகும் விடவில்லை. மொனராகலை வரைக்கும் அந்த இங்கிலீஷ் கூச்சல்தான். அதிலும் இந்த ஒரு பாட்டு, ஏற்றத்தில் தொடங்கினால் அடுத்த ஊர் வரும்வரை முடியாது. அதைப் பதிவு செய்ய, பதுளை டவுன் கடையில் நம் கல்யாண மேளம் இருந்த கேசட்டையே கொடுத்துவிட்டு வந்தீர்கள். புதுக் கேசட் வாங்க மனம் வரவில்லை உங்களுக்கு. நான் உங்களோடு பேச்சையே நிறுத்திவிட்டேன். பிறகு போட்டுக் காட்டினீர்கள். கடைசியில் நம் மேளம் கொஞ்சம் அழியாமல் தப்பியிருந்தது. கிட்டார் ஓய்ந்ததும் என் பெரியப்பா "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கத்த, தவிலும் நாதஸ்வரமும் கொட்டி முழங்கும்.

அதற்குப் பிறகு வேனில் ஏறும்போதெல்லாம் நமக்கு இதே சண்டை.

"ஏங்க, இந்தக் கூச்சல் எப்பத்தான் முடியும்?"

"முடிஞ்சா நம்ம கல்யாணம் வரும். பொறுத்துக்க."

அந்த ஆடி மாதம் தமிழர்களைத் தேடித் தேடி அடித்த கலவரம் தொடங்கியபோது நாம் மொனராகலையில் அக்கா வீட்டில் இருந்தோம். அங்கே இருக்கவும் பயம், கிளம்பவும் பயம். மகள் வயிற்றில் இருந்தாள். தோட்டத்தில் நம் லயத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றீர்கள். வேனிலிருந்த முருகன் படத்தைக் கழற்றினீர்கள். தமிழ்க் கேசட்டுகளைச் சாக்குக்குள் போட்டு அக்காவிடம் கொடுத்தீர்கள். நான் தாலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டேன். பொட்டை மட்டும் நீங்களே உங்கள் கைக்குட்டையால் துடைத்தீர்கள். என் முகத்தைப் பார்க்காமல் துடைத்தீர்கள். இங்கிலீஷ் பாட்டைப் போட்டுக்கொண்டு போகிறவனை யார் தமிழன் என்று நினைப்பான் என்றீர்கள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

பிபிலை தாண்டி ஒரு வளைவில் மரத்தை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். கத்தியும் பொல்லுமாக ஆட்கள். ஒருவன் கையில் பெட்ரோல் கேன். அந்த வாடை வேனுக்குள் வந்தது. நீங்கள் சிரித்த முகத்தோடு சிங்களத்தில் பேசினீர்கள், மனைவிக்கு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று. பேசிக்கொண்டே கேசட்டை நிறுத்தக் கை நீட்டினீர்கள்.

"எபா, எபா," என்றான் ஜன்னலோரம் நின்ற இளந்தாரி. நிறுத்த வேண்டாமாம். அவனுக்கும் அந்தப் பாட்டுத் தெரிந்திருந்தது. தலையை உள்ளே நீட்டி, கத்திப்பிடியால் கதவில் தாளம் தட்டினான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாட்டு பாதிக்கு மேல் ஓடிவிட்டது. மிச்சம் என்ன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எத்தனையோ முறை எப்போது முடியும் என்று கேட்டவள், முருகா, இது முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பெரியப்பாவின் குரல் ஒரு வார்த்தை வந்தால் போதும், வேனோடு வைத்து எரித்துவிடுவார்கள். பாட்டில் கத்தல் அடங்கியது. டிரம்ஸ் நின்றது. கிட்டார் மட்டும் தனியாகத் தேய்ந்துகொண்டு வந்தது. பெட்ரோல் கேன்காரன் என் வயிற்றைப் பார்த்தான். பிறகு மரத்தை நகர்த்தச் சொன்னான்.

நீங்கள் பாய்ந்து ஓட்டவில்லை. அவனுக்குக் கையைக் காட்டிவிட்டு, மெதுவாகத்தான் எடுத்தீர்கள். அடுத்த வளைவு திரும்பியதும் நம் கல்யாணம் வந்துவிட்டது. பெரியப்பா கத்தினார். மேளம் கொட்டியது. நீங்கள் அதை அணைத்தீர்கள். பிறகு கேசட்டை உருவிப் பள்ளத்தில் எறிந்தீர்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. மகளிடமும் சொன்னதில்லை.

நேற்று அதே வளைவு வந்தது. இப்போது அங்கே ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. பாட்டு முடியப் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டு, தாலி கிடந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு, பெரியப்பாவின் குரலுக்காகப் பயந்தபடி காத்திருந்தேன். கிட்டார் தேய்ந்து நின்றது. ஒருவன் ஏதோ சோப்பு விளம்பரம் சொன்னான்.

நம் கல்யாணம் வரவில்லை; அந்த மேளம் இனி என் ஒருத்தி நினைப்பில்தான் இருக்கிறது. உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை. மகளை வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். "அந்தப் பாட்டை மறுபடி போட முடியுமா?" என்று கேட்டேன். போனில் தேடிப் போட்டாள். அது முடிவதற்குள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.