அம்மா பக்கத்துக் கண்ணாடி

ஜனவரி 20, செவ்வாய்

வெயில். காற்றே இல்லை. இந்தக் கொப்பி சித்தி தந்த கிறிஸ்மஸ் பரிசு. இவ்வளவு நாளும் மேசைக்குள் கிடந்தது. இன்றுமுதல் நடந்ததை நடந்தபடியே இதில் எழுதுவேன். எனக்கு வெட்கம் தருவதையும் விடமாட்டேன். யாரும் வாசிக்கப்போவதில்லை, ஆகவே பொய் சொல்ல ஆளும் இல்லை.

1. வரலாறு 78. ஆறு புள்ளி கவனக்குறைவால் போனது.

2. விவாதக் குழுவில் நானும். தலைப்பு: வாகனக் கண்ணாடிக்குக் கறுப்பு டின்ட் ஒட்டுவதன் நன்மை, தீமை. யார் எந்தப் பக்கம் என்று புனிதா மிஸ் கடைசி நாளில்தான் சொல்லுவார். இரண்டையும் படிக்க வேண்டும்.

3. சித்தியின் குழந்தைக்கு பெப்ரவரி முதலாம் திகதி ஞானஸ்நானம். கொட்டாஞ்சேனைக் கோயிலில், ஞாயிறு பத்தரைக்கு. அம்மாதான் ஞானத்தாய்.

மூன்றாவதை முதலில் எழுதியிருக்க வேண்டும். போனை வைத்துவிட்டு அம்மா தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றார்.

அம்மாவுக்கு இரண்டு வருடமாக லூபஸ். வெயில் பட்டால் இரண்டு கன்னமும் சிவந்து தடிக்கும், விரல் மடங்காது, காய்ச்சல் வரும். போன ஜூனில் பதினாறு நாள் ஆஸ்பத்திரி வோர்ட்டில் இருந்தார். டியூப் லைட்டும் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பிளாட்டில் எல்லாம் மஞ்சள் பல்ப். நான் படிப்பதும் அதில்தான்.

ஒக்டோபரில் அப்பா காரின் பின் கண்ணாடிகளுக்கு டின்ட் ஒட்டினார். அதற்குப் பிறகு அம்மா பகலில் பார்த்தவை: கடல் (இறங்கவில்லை), புறக்கோட்டைச் சனம், கோயில் கோபுரம், பிறந்த இரண்டாம் நாள் குழந்தை. கிளினிக்கைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜனவரி 21, புதன்

பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். ஞானஸ்நானச் சட்டை அளவு பார்க்க.

என் இடம் முன் சீட். அம்மா பின்னால், இடது பக்கம். இருட்டத் தொடங்கினால் சோதனைச் சாவடிக்குக் கொஞ்சம் முன்பே அப்பா முன் லைட்டுகளை அணைப்பார். நான் கூரையில் இருக்கும் உள் லைட்டைப் போடுவேன். எல்லா வாகனமும் அப்படித்தான். உள்ளே இருப்பவர்களின் முகம் ஆமிக்காரருக்குத் தெரிய வேண்டும். எட்டு வயதிலிருந்து அது என் வேலை. ஒருமுறைகூட மறந்ததில்லை.

ஆனால் டின்டுக்குப் பின்னால் உள் லைட் போதாது. இன்றும் கண்ணாடி ஷட்டரை இறக்கச் சொன்னார்கள். அம்மாவை இறங்கச் சொன்னார்கள். டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். பத்து நிமிடம். பிறகு ஒரு பொலிஸ்காரர் வந்து அப்பாவிடம் ஒரு துண்டுக் காகிதம் தந்தார். திங்கட்கிழமைக்குள் அனுமதி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் டின்டை உரிக்க வேண்டும். நோய்க்காரர் என்றால் அனுமதி கிடைக்குமாம், டொக்டரின் கடிதத்தோடு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

அம்மா குழந்தையின் சட்டையை மடியில் வைத்து மடித்து மடித்துப் பார்த்தார்.

ஜனவரி 22, வியாழன்

வெயில். மத்தியானச் சாப்பாடு பருப்பும் கருவாடும். விவாதக் குறிப்புகள்:

நன்மை
– வெயில் வராது. (இது ஒன்றே போதும்.)
– சீட் துணி வெளிறாது. அப்பா சொன்னது.
– ஆட்கள் உற்றுப் பார்க்க முடியாது. அம்மாவின் முகத்தை ஆட்கள் பார்க்கும் விதம் எனக்குத் தெரியும்.

தீமை
– இரவில் காரைப் பின்னால் எடுப்பது கஷ்டம். அப்பா தலையை வெளியே போட்டுத்தான் எடுப்பார்.
– உள்ளே யாரென்று காவலில் நிற்பவருக்குத் தெரியாது.
– தர்ஷினியின் அம்மா.

மூன்றாவதை விளக்கி எழுத வேண்டும். தர்ஷினி என் வகுப்பு. நவம்பரில் அவளுடைய அண்ணாவை பேக்கரிக்கு முன்னால் ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வானுக்குக் கறுப்புக் கண்ணாடி. இன்னும் வரவில்லை. டிசம்பரில் ஒருநாள் வெல்லவத்தையில் சிவப்பு லைட்டுக்கு நின்றோம். அவளுடைய அம்மா நடைபாதையிலிருந்து இறங்கி வந்து எங்கள் காரின் பின் கண்ணாடியில் இரண்டு கையாலும் தட்டினார். அப்பா ஷட்டரை இறக்கினார். அவர் எங்கள் அம்மாவைப் பார்த்தார். சீட்டுக்குக் கீழேயும் பார்த்தார். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்று சொல்லிவிட்டுப் பின்னால் நின்ற வாகனத்துக்குப் போனார்.

அன்று முழுக்க அம்மா சாப்பிடவில்லை.

ஜனவரி 24, சனி

விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். அப்பா புறக்கோட்டையில் துணிக்கடைக் கணக்கர். கதைக்கிற சிங்களம் நல்லது, இங்கிலிஷில் எழுத வராது. எனக்கு இங்கிலிஷில் எப்போதும் எண்பதுக்கு மேல். பெருமைதான். ஒப்புக்கொள்கிறேன்.

புனிதா மிஸ்ஸின் விதி: எதிர்ப்பக்கத்தின் நல்ல காரணங்களை முதலில் நாமே நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிறகு நம்முடையதைச் சொன்னால் அதற்குப் பலம் கூடும். அப்படியே எழுதினேன். முதற் பக்கம் தீமைகள், மூன்றும். கடைசி வசனம்: கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் அழுதாலும் வீதியில் நிற்பவருக்குத் தெரியாது. பிறகு ஒன்றரைப் பக்கம் அம்மா. அகராதி நான்கு தரம் பார்த்தேன். நான் எழுதியவற்றில் இதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்குக் கடைக்கு நேரம் பிந்திவிட்டது. நின்றபடியே கையெழுத்து வைத்தார். “எவ்வளவு வடிவாய் எழுதியிருக்கிறாய்” என்றார். வாசிக்கவில்லை.

ஜனவரி 26, திங்கள்

விண்ணப்பத்தைக் கொடுத்தது எந்தக் கந்தோரில் என்று எழுதப்போவதில்லை. நடந்ததை எழுதுவேன் என்றுதான் சொன்னேன், பெயர்களை அல்ல.

சுகமில்லை என்று பள்ளிக்கு அறிவித்துவிட்டு அப்பாவோடு போனேன் (பொய். எழுதிவிட்டேன்). வாங்கில் இருந்தபடி ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தோம். அதிகாரி டொக்டரின் கடிதத்தைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்குச் சந்தோஷம். பிறகு என் கடிதத்தின் முதற் பக்கத்தை வாசித்தார். சிவப்புப் பேனா எடுத்துக் கோடு கீறினார். ஒரு கோடு, இரண்டு கோடு. கடைசி வசனத்தில் பேனா நின்றது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

இந்த வசனத்துக்கு என்ன அர்த்தம் என்று சிங்களத்தில் கேட்டார். யார் அழுகிறார்கள், எந்த வாகனத்தில், நீ பார்த்தாயா என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. இதை எழுதியது யார் என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அப்பா என் கையைப் பிடித்தார். நோகும்படி பிடித்தார்.

“மம தமா, சேர்” என்றார். நான்தான் என்று.

அதிகாரி அப்பாவின் அடையாள அட்டையை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். ஒரு கொப்பியில் எதையோ பதிந்தார். கூடாது என்று நீயே எழுதித் தந்திருக்கிறாய், பிறகு நான் எப்படி அனுமதி தருவது என்றார். பக்கத்தில் நின்றவர் சிரித்தார்.

முற்றத்தில் வைத்தே உரித்தார்கள். ஒரு கொன்ஸ்தாபிள் பிளேட்டால் மூலையைக் கிளப்பி இழுத்தார். அம்மா பக்கத்துக் கண்ணாடி கடைசி. கிழியாமல் முழுதாகக் கழன்று வந்தது. சுருட்டி என்னிடம் தந்தார், மரியாதையாகத்தான் தந்தார்.

அப்பா பம்பலப்பிட்டி தாண்டிய பிறகு, “நீ எழுதினதில பொய் ஒண்டும் இல்லை, மகள். குடுத்த இடம்தான்…” என்றார். முடிக்கவில்லை.

சுருட்டிய டின்ட் என் கட்டிலுக்குக் கீழே.

ஜனவரி 27, செவ்வாய்

கிளினிக் நாள். விட முடியாது, இரத்தம் எடுக்க வேண்டும். விடியும் முன் போய்விட்டார்கள். திரும்பும்போது பத்தரை. அந்த நேரம் வெல்லவத்தைப் பக்கம் வந்தால் வெயில் இடது பக்கம். அம்மா காருக்குள் குடை விரித்துப் பிடித்திருந்தாராம். சாவடியில், காருக்குள்ளேயும் மழையா நோனா என்று ஆமிக்காரர் பகிடி விட்டாராம். குடையை மடக்கச் சொன்னாராம். அதன் பிறகு கொள்ளுப்பிட்டியில் நாற்பது நிமிடம் வாகன நெரிசல்.

இதை அப்பா சொன்னார். அம்மா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

ஜனவரி 29, வியாழன்

காய்ச்சல் 102. கன்னம் சிவந்து வீங்கியிருக்கிறது. இடது கை விரல்கள் மடங்கவில்லை, நான்தான் சோறு ஊட்டினேன். பகலில் எங்கேயும் போகக் கூடாது, சிறுநீரகத்தைத் தொட்டால் திரும்பவும் வோர்ட்தான் என்று டொக்டர் போனில் சொன்னார்.

அப்பா: “ஞாயிற்றுக்கிழமை விடுவம்.”

அம்மா: “குடையோட போறன்.”

அப்பா: “குடையோட போய்த்தானே இப்ப படுத்திருக்கிறீர்.”

பக்கத்துப் பிளாட் பௌசியா அன்ரி கஞ்சி கொண்டுவந்தார். கட்டிலில் இருந்துகொண்டு, “ஏன் யோசிக்கிறீங்க, என்ட அபாயாவ போடுங்க, முகத்தயும் மூடுங்க. ஒரு வெயிலும் படாது. ஒங்கட ஃபாதர் பயந்து ஒங்களுக்கும் சேத்துத் தண்ணி ஊத்திருவார்” என்றார். அம்மா சிரித்தார். சிரிக்கும்போது கன்னம் நொந்திருக்க வேண்டும், கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

அன்ரி போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். தோள் அசைந்தது. நான் புத்தகம் வாசிப்பது போல இருந்தேன். பக்கம் திருப்பவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

விவாதம். எனக்கு நன்மைப் பக்கம் கிடைத்தது. எதிர்ப்பக்கத்தின் காரணங்களை நான் சொல்லவே இல்லை. மிஸ் ஐந்து புள்ளி குறைத்தார். ஏன் என்று கேட்டார். மறந்துவிட்டேன் என்றேன். (பொய். இந்த வாரம் இரண்டாவது.)

தர்ஷினி முன் வரிசையில் இருந்தாள். கை தட்டினாள்.

ஜனவரி 31, சனி

அப்பா ஃபாதரோடு கதைத்தார். ஞானத்தாய் வர முடியாவிட்டால் இன்னொருவர் அவருக்குப் பதிலாக நின்று குழந்தையைப் பிடிக்கலாம். பதிவில் அம்மாவின் பெயர்தான் இருக்கும். நிற்பவர் கோயிலில் உறுதிபூசுதல் எடுத்திருந்தால் போதும். நான் எடுத்திருக்கிறேன்.

அம்மா என்னைக் கூப்பிட்டார். “நீ நில்லு, மகள்.”

சித்தியின் கூட்டாளி யாரையாவது கேட்கலாமே என்றேன். வேண்டாம் என்றார். தலையணையை மடியில் வைத்துக் குழந்தையைப் பிடிக்கும் விதத்தைக் காட்டித் தந்தார். கழுத்துக்குக் கீழே இடது கை. அவருடைய இடது கை மடங்கவில்லை. ஆகவே சொல்லித்தான் தந்தார்.

பெப்ரவரி 1, ஞாயிறு

நல்ல வெயில். அம்மாவின் நீலச் சால்வையை நான் போட்டேன். பின் சீட்டில் அம்மாவின் இடத்தில் இருந்தேன். கண்ணாடியில் பசை கோடு கோடாக இருந்தாலும் வீதி முழுவதும் தெரிந்தது. பூக்கடை, லொத்தர்ச் சீட்டு விற்பவர், துறைமுகத்துக் கிரேன்கள். சாவடியில் நிறுத்தவே இல்லை, கை காட்டி அனுப்பினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுத வேண்டும்.

ஃபாதர் கேள்விகளைக் கேட்டார். அம்மாவுக்காக நான் பதில் சொன்னேன். தண்ணீர் ஊற்றும்போது குழந்தை அழவில்லை. நான்தான் அழுதேன். சித்தி என் முதுகில் கை வைத்தார். குழந்தையின் பெயர் ஜெரோம். கனம், பெரிய அகராதியை விடக் கொஞ்சம் கூட.

மத்தியானம் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சொன்னேன். மெழுகுதிரி, வெள்ளைத் துணி, யார் யார் வந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு அந்தக் கடிதத்தைச் சொன்னேன். முதற் பக்கத்தை, அதன் கடைசி வசனத்தை, அப்பா என் கையைப் பிடித்ததை.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். “அப்பா அண்டைக்கே சொன்னவர்” என்றார்.

“அப்ப ஏன் என்னை நிக்கச் சொன்னனீங்கள்?”

“தர்ஷினியின்ர அம்மா தட்டினதை நானும் மறக்கேல்லை.” பிறகு, “தெரிஞ்சுதான் உன்னைக் கேட்டனான்” என்றார்.

நான் தெர்மோமீட்டரை எடுத்து அவருடைய நாக்குக்குக் கீழே வைத்தேன்.

காய்ச்சல் 99. ஆறரைக்குச் சூரியன் போன பிறகு அம்மா எழும்பிச் சேலை கட்டினார். சேலைக்கு ஊசி குத்தியது நான். கொட்டாஞ்சேனைக்கு வெளிக்கிட்டோம். சாவடி வந்ததும் அப்பா முன் லைட்டை அணைத்தார், நான் உள் லைட்டைப் போட்டேன். அரை நிமிடம். ஆமிக்காரர் குனியக்கூட இல்லை. ஆனால் பக்கத்தில் ஒரு பஸ் நின்றது. ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் பிள்ளையின் தலையை மறுபக்கம் திருப்பினார். அம்மா சால்வையால் முகத்தை மூடவில்லை. நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தி வீட்டு ஹோல் நிறையச் சனம். கேக், ரோல்ஸ், பாட்டு. மேலே இரண்டு டியூப் லைட், பகல் போல. அம்மா வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே வாங்கோ, உள்ளே வாங்கோ என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். இங்கேயே நிற்கிறேன், பிள்ளையை ஒருக்கால் காட்டினால் போதும், போய்விடுவேன் என்று அம்மா சொன்னார். நேற்று எனக்குச் சொல்லித் தந்தது போல இடது கையை மடிக்கப் பார்த்தார். அது மடங்கவில்லை. வலது கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சித்தி குழந்தையை என்னிடம் தந்தார். ஞானஸ்நான மெழுகுதிரியை எடுத்துக் கொளுத்தி மேசையில் வைத்தார். சுவரோரம் போனார். சுவிட்ச் இரண்டு தரம் கேட்டது.

கரண்ட் போயிட்டுதோ என்று யாரோ கேட்டார்கள்.

இல்லை. லைட்டுகளைச் சித்தி அணைத்தார்.