உன் அம்மாவுக்கு வாங்கிய சாக்ஸ்

காலையில் கூரியர்க்காரர் ஒரு தடித்த உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். நம் பல்கலைக்கழக முன்னாள் மாணவர் சங்கத்தின் மலர். பிரித்ததும் புது அச்சின் வாசனை. அட்டையில் நீ சிரிக்கிறாய். இனி ஆண்டுதோறும் கொடுக்கும் விருதுக்கு உன் பெயரை வைக்கிறார்களாம். வரும் சனிக்கிழமை விழா. முதல் விருதை உன் அம்மா கையால் கொடுக்கிறார்கள். உன்னோடு படித்தவள் என்பதால் நான் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம்.

உள்ளே புரட்டினால், விருது வாங்கிய அன்று நீ பேசிய பேச்சை அப்படியே போட்டிருக்கிறார்கள். தலைப்பு, 'என் அம்மா போட்ட சாக்ஸ்'.

யாருடைய அம்மாடி? போய்ச் சேர்ந்தவளிடம் இப்படிக் கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

முதலாம் ஆண்டு லீவுக்கு என்னோடு மரக்காணம் வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? உன் அப்பா பேங்க் மேனேஜர், அம்மா பாட்டு டீச்சர். உப்பளத்தை அதுவரை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தாய். விடிந்ததும் என் அம்மாவோடு வரப்பு வரை நடந்து வந்தாய். பாத்தியில் இறங்கும் முன் அம்மா என் பழைய பள்ளிக்கூட வெள்ளை சாக்ஸை எடுத்துக் காலில் மாட்டினாள். பாதமெல்லாம் வெடிப்பு, உப்புத் தண்ணீர் நேராகப் பட்டால் உயிர் போய்விடும். சாக்ஸின் நுனி கிழிந்து கட்டைவிரல் வெளியே தெரிந்தது.

"உங்க பொண்ணோட சாக்ஸா ஆன்ட்டி?" என்று கேட்டாய்.

அம்மா வெட்கப்பட்டாள். "அது காலேஜி போயிடுச்சி. சும்மாதான கெடக்குது, நான் போட்டுக்கினேன்."

அன்று முழுக்க நீ சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து முகம் சுளிக்காத முதல் சிநேகிதி நீ என்று எனக்கு அவ்வளவு பெருமை.

படிப்பு முடிந்து நீ மளமளவென்று மேலே போனாய். பெரிய வேலை, சொந்த டிரஸ்ட், எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ரப்பர் பூட்ஸ். நல்ல காரியம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பூட்ஸுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து நின்றது. பெண்கள் அதைக் கணுக்காலோடு வெட்டி, தண்ணீர் வடிய அடியில் ஓட்டை போட்டு, உள்ளே பழைய சாக்ஸையே மாட்டிக்கொண்டார்கள். இதைச் சொல்ல போன் செய்தேன். மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னாய்.

பிறகு சங்கம் உனக்குக் கொடுத்த அந்த விருது. தொழிலில் சாதனை, ஊருக்குத் தொண்டு, இரண்டுக்கும் சேர்த்து. உன்னைப் பார்க்க வேண்டும் என்று அம்மா பொங்கல் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். நாலாவது வரிசையில் உட்கார்ந்தோம். நீ சால்வையோடு மைக்கைப் பிடித்தாய்.

"நான் ஓர் உப்பளத் தொழிலாளியின் மகள். என் பள்ளிக்கூட சாக்ஸை மாட்டிக்கொண்டு என் அம்மா உப்பு வாரினாள்."

கிழிந்த நுனியைக்கூட விடவில்லை நீ. சொல்லும்போது குரல் உடைந்தது. அரங்கமே எழுந்து கைதட்டியது. உன் அம்மா அன்று வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பக்கத்தில் என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாவம்டி, அவங்க அம்மாவும் உப்பளத்துல கெடந்தவங்களா? ஊட்டுக்கு வந்தப்போ இந்தப் பொண்ணு இதப்பத்தி வாயே தெறக்கல பாரேன். அந்தம்மாவும் என்ன மாதிரியே சாக்ஸு போட்டுக்கினு எறங்கியிருக்குது."

சாப்பாட்டு வரிசையில் உன்னைப் பிடித்தேன். தட்டும் கையுமாக நின்றாய்.

"மேடையில ஒரு ஃப்ளோல வந்துட்டுதுடி. யாரோட அம்மாவா இருந்தா என்ன? உங்க ஊருக்குத்தான இன்னும் பூட்ஸ் வரப்போவுது?"

"எங்கம்மா உள்ள உக்காந்திருக்காங்க."

உன் முகம் வெளுத்தது. மன்னிப்புக் கேட்பாய் என்று நினைத்தேன். "அவங்ககிட்ட சொல்லிடாதடி" என்றாய்.

நான் சொல்லவில்லை. அதுதான் என்னை அரிக்கிறது. நீ ஒரு தடவை சொன்ன பொய்யை வருஷக்கணக்கில் நான் காப்பாற்றினேன். காலில் எண்ணெய் தடவும்போதெல்லாம் அம்மா கேட்பாள்: "அந்தம்மாவுக்குக் கால் எப்பிடி இருக்குதாம்?" பரவாயில்லையாம் என்பேன். முகம் தெரியாத ஒருத்தி தன்னைப் போலவே கஷ்டப்பட்டாள் என்பதில் அவளுக்கு ஒரு துணை இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம் நீ திடீரென்று போய்விட்டாய் என்று சேதி வந்ததும், அம்மா பஸ் ஸ்டாண்ட் கடைக்குத் தானே நடந்துபோய் வெள்ளை சாக்ஸ் ஒரு ஜோடி வாங்கி வந்தாள். "அந்தம்மாவுக்குத்தான். வெடிப்புக் கால வச்சிக்கினு புள்ளையையும் பறிகொடுத்துட்டு நிக்குது. எப்பன்னா அவங்க வந்தா நானே கையில குடுக்கணும்."

சனிக்கிழமை உன் அம்மா வருகிறார். தெரிந்தால் என் அம்மாவும் கிளம்பிவிடுவாள். அந்தப் பாட்டு டீச்சர் கையில் என் அம்மா சாக்ஸை நீட்டி, அவர் ஒன்றும் புரியாமல் விழிக்க, சுற்றி நிற்பவர்கள் பார்க்க, என் அம்மா கூனிக் குறுகி நிற்பதை என்னால் பார்க்க முடியாது. அதனால் இன்று மலரைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் ரொம்ப நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்தம்மா உப்புல எறங்கவே இல்லியா?"

"இல்லம்மா."

"காலு நல்லாத்தான் இருக்குதா?"

"நல்லாத்தான் இருக்குது."

"நல்லதாப் போச்சி, போ" என்று எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

என்னால் அப்படி முடியவில்லை. அந்த ஐந்து நிமிடத்தில், உன் பேச்சில் வருவது யாருடைய கால் என்று அம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். பிரிக்காத அந்த சாக்ஸ் என் கைப்பையில் இருக்கிறது. அம்மாவுக்கு உன்மேல் வராத கோபத்தையும் சேர்த்து நான்தான் வைத்திருக்கிறேன்.