கற்பூரம் அடித்துச் சொன்ன விளம்பரம்

விடைமேல் அமர்ந்த பெருமானே, இவ்வேட்டுக்கும் என் நாவுக்கும் நீயே காவல்.

ஆடி 5, செவ்வாய். எருத்தேன்பதி
கணவாய்க் காற்று கூரை ஓடுகளைப் பிய்க்கிறது. பதிகம் ஓதி முடிக்குமுன் மாட்டுத்தீவனக் கம்பெனியின் கார் வாசலில். திரையில் ஊர்ப்பெரியவர், நீதிபதி, பூசாரி என நடித்தே காலம் கழித்தவன் நான். இன்று தீவன மூட்டையில் என் படம்.

நாளைய வசனம்: மாரியம்மன் சந்நிதியில் கற்பூரம் அடித்து, "இதைத் தின்ற மாடு ரெண்டு லிட்டர் கூடக் கறக்கும். இது சத்தியம்." மறுத்தேன். எனக்கு மாடே இல்லை.

கம்பெனி மேலாளர், மலையாளம் கலந்த தமிழில்: "சாரே, கொழப்பமில்ல. சத்தியத்த வெட்டிக்கலாம்."

ஆடி 6, புதன்
படப்பிடிப்பு. கற்பூரம் எரிந்தது. இயக்குநர் குரல் கொடுத்ததும் வாய் தானே திறந்தது. வெட்டிய சொல்லும் சேர்ந்தே வந்தது, கண்ணீருடன். எழுதிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் பேசியே பிழைத்த நாக்கு. ஒரே டேக். கைதட்டல். மீண்டும் எடுக்கக் கெஞ்சினேன். "சூப்பர் சார், போதும்." சீ!

ஆடி 20, புதன்
மூட்டுவலி. எண்ணெய் தீர்ந்தது, வாங்க வேண்டும்.

எதிர்வீட்டுப் பழனியம்மாள் தொழுவத்தில் அழுகை. விளம்பரம் பார்த்துத் தீவனம் மாற்றினாளாம். மாடு வாய் வைக்கவில்லை, பால் பாதியாயிற்று. கறவையை நம்பிய குடும்பம்.

"பழைய தீவனத்தையே போடு அம்மணி."

"நீங்க ஆத்தா முன்னால சொன்னது பொய்யாகுமுங்களா? இந்த மாடுதானுங்க நடிக்குது."

"நடிச்சது நான்."

"ஏனுங்கய்யா, படத்துல நீங்க தூக்குல தொங்குனீங்க, அது நடிப்புன்னு எனக்குத் தெரியாதுங்களா? ஆனாக்க, கற்பூரம் நெசந்தானுங்களே?"

இத்தனை பதிகம் மனப்பாடம். ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

ஆடி 21, வியாழன்
காற்று தணியவில்லை. மேலாளர் தொலைபேசியில்: விற்பனை அமோகம், அடுத்த விளம்பரம் உடனே. நாளை அதே சந்நிதியில் கற்பூரம் அடித்து, முன்பு சொன்னது பொய் என்று சொல்லப்போகிறேன் என்றேன்.

"சாரே, தமாஷ்!" பிறகு, குரல் மாறி: "காண்ட்ராக்ட் வாயிச்சு நோக்குங்க."

ஒப்பந்தத்தைப் படித்துப் பார் என்ற மிரட்டல். தொலைபேசியை வைத்துவிட்டேன்.

நாளை ஆடி வெள்ளி. கூழ் ஊற்றும் நாள், ஊரே கூடும். பழனியம்மாளையும் வரச்சொன்னேன். நாளைய பேச்சை எவரும் எழுதித் தரவில்லை.

இவ்வேட்டை என்றேனும் பிரிப்பவர் எவராயினும், உம் மனையில் கன்று துள்ளுக, பால் பெருகுக. என் சொல்லை நம்பியன்று, விடைமேல் அமர்ந்தவன் அருளால்.